எங்குத் தொடங்கினும் 6174: அறிவியல் புதின வாசிப்பும் தமிழாய்வின் தயக்கமும்

முன்னுரை

தமிழில் அறிவியல் புனைவுகள் எழுதப்படுகின்றன. விரும்பி வாசிக்கவும் படுகின்றன. எனினும் தமிழ்த்துறைகளின் ஆய்வுக்களத்தில் அவற்றுக்குரிய இடம் இன்றும் வாயிற்படியாகவே உள்ளது. ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' போன்ற சில படைப்புகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதுண்டு. அவ்வாய்வுகளும் கதைச்சுருக்கம், பாத்திரப்படைப்பு, மொழிநடை என்னும் வழக்கமான இயல் பகுப்போடு பெரும்பாலும் நிறைவடைந்துவிடுகின்றன. புனைவிலுள்ள அறிவியல் என்ன செய்கிறது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை.

இந்நிலைக்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. இவை வெகுசன வாசிப்புக்குரியவை, இலக்கியமல்ல என்பது முதற்காரணம். அறிவியல் பயின்றோர்க்கே இவை விளங்கும், தமிழாசிரியர்க்கு இவை புறத்தன என்பது இரண்டாவது. மூன்றாமவர் இவற்றை வரவேற்கின்றனர். ஆனால் தமிழரின் தொன்மைக்குச் சான்று கிடைக்கிறது என்பதற்காக மட்டுமே வரவேற்கின்றனர். மும்பைவாழ் எழுத்தாளர் க. சுதாகர் எழுதி, 2012இல் வம்சி புக்ஸ் வெளியிட்ட '6174' என்னும் புதினத்தை முன்வைத்து இம்மூன்று நிலைப்பாடுகளையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கடினமான அறிவியல் புதினத்தைப் படிப்பதற்குரிய கருவி நம் உரைமரபிலேயே உள்ளது என்பதும், அதனைப் பயன்படுத்தாமையே நம் தயக்கத்தின் உண்மைக் காரணம் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

1. புதினமும் எண்ணும்

கடல்கொண்ட இலெமூரியா, அதனோடு தொடர்புடையனவாகச் சொல்லப்படும் படிகங்கள், எண்புதிர்கள், பழந்தமிழ் யாப்பின் சாயலில் அமைந்த புதிர்ப்பாடல்கள், அவற்றை விடுவிக்க முயலும் அறிவியலாளர்கள் ஆகியன இப்புதினத்தின் அடிப்படைக் கூறுகள். துப்பறியும் கதையின் விரைவு இதற்கு உண்டு. ஆயினும் வாசகரை இது எளிதில் விட்டுவிடுவதில்லை. படிகவியல், எண்கணிதம், நிலவியல், யாப்பு எனப் பல துறைச் செய்திகளை ஒருங்கே வைத்துக்கொண்டு படிக்க வேண்டியுள்ளது. ஒரு துறை மட்டும் தெரிந்தவர் எங்கேனும் ஓரிடத்தில் நின்றுவிடுவார்.

தலைப்பாக அமைந்த எண் கற்பனையன்று. தத்தாத்ரேய இராமச்சந்திர காப்ரேக்கர் (1905-1986) கண்டறிந்த எண் அது. தகாணுவில் பிறந்த அவர் தம் பள்ளிக்கல்வியைத் தாணேயில் பயின்றார். பின் புனே பெர்க்குசன் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1962 வரை நாசிக்கை அடுத்த தேவளாலியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். முதுநிலைப் பட்டமோ ஆய்வுப் பட்டமோ பெறாதவர். 6174 என்னும் எண்ணின் இயல்பை அவர் முதன்முதலில் அறிவித்த இடம் 1949இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாடு என்பது தமிழுலகம் அறியவேண்டிய செய்தியாகும். 1953இல் அது கட்டுரையாக வெளிவந்தது. அவர்தம் எண் ஆராய்ச்சிகளை அற்பமான விளையாட்டெனக் கருதி நகைத்த இந்தியக் கணித அறிஞர்கள் பலர். 1975இல் மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய பின்னரே உலகம் அவரை அறிந்தது.

அவ்வெண்ணின் இயல்பைத் தமிழ் கற்றோர் நன்கறிந்த ஓர் எண்கொண்டே விளக்கலாம். திருக்குறளின் பாத்தொகை 1330. இவ்விலக்கங்களை இறங்குவரிசையில் அமைத்தால் 3310. ஏறுவரிசையில் அமைத்தால் 0133. முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க 3177 எஞ்சும். எஞ்சியதை மீண்டும் அவ்வாறே செய்ய, 7731இலிருந்து 1377 நீங்கி 6354 வரும். அடுத்து 6543இலிருந்து 3456 நீங்கி 3087. அதன்பின் 8730இலிருந்து 0378 நீங்கி 8352. இறுதியில் 8532இலிருந்து 2358 நீங்கி 6174. ஐந்தாம் படியில் வந்துசேர்ந்த இவ்வெண்ணை மீண்டும் இம்முறைக்கு உட்படுத்தினால் 7641இலிருந்து 1467 நீங்கி அதே 6174 வரும். இனி மாற்றமில்லை. நான்கு இலக்கங்களும் ஒன்றாயிராத எந்த நான்கிலக்க எண்ணை எடுத்துக்கொண்டாலும், மிகுதியாகப் போனால் ஏழு படிகளில், இவ்விடத்தையே அடையலாம்.

இதனை அறிந்துகொள்ளத் தேவைப்படுவது கழித்தல் கணக்கு ஒன்றே. இவ்வளவு எளிய செயல்முறையைத் தாளில் ஒருமுறை செய்துபார்க்காமல் '6174' என்னும் புதினத்தைப் 'புரியவில்லை' என்று ஒதுக்குவது வாசிப்பாகாது.

2. இலக்கியமன்று என்னும் மறுப்பு

புதிரும் வியப்பும் துணிகரச் செயலும் உடைய கதை வெகுசன எழுத்து. வெகுசன எழுத்து ஆய்வுக்குரிய இலக்கியமன்று என்பது முதல் தரப்பாரின் வாதம். இவ்வாதத்தைத் தமிழ் மரபே ஏற்கவில்லை.

தொல்காப்பியச் செய்யுளியல் யாப்பின் நிலைக்களன்களாக ஏழினைக் கூறுகிறது. பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு பிசிக்கும் அங்கே இடம் உண்டு. பிசி என்பது விடுகதை. வாசகனிடம் ஒரு மறைபொருளைத் தந்து அதை விடுவிக்கச் செய்யும் வடிவம் இலக்கியத்தின் ஏழு வகைகளுள் ஒன்று என்பது இலக்கண ஆசிரியரின் துணிபு. உரைவகைகளை எண்ணுமிடத்தும், உலகில் நிகழ்ந்திராத ஒன்றைக் கட்டியுரைக்கும் உரைக்கு அவர் இடமளித்துள்ளார். ஆகவே நிகழாதது, புதிர்த்தன்மை உடையது என்னும் இரு காரணங்களால் ஒரு படைப்பை இலக்கிய எல்லைக்கு வெளியே நிறுத்துவோர் தொல்காப்பியத்தைத் துணைக்கழைக்க இயலாது.

தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் சித்திரகவிகளை விரித்துரைக்கிறது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் மாலைமாற்று, கட்டங்களுக்குள் எழுத்துகள் நாற்புறமும் பொருந்திவரும் சருப்பதோபத்திரம் ஆகியன அங்கே இலக்கணம் பெறுகின்றன. திருஞானசம்பந்தர் மாலைமாற்றில் ஒரு பதிகமே பாடியுள்ளார். எண்களை ஏற்றியும் இறக்கியும் அடுக்கிச் செல்லும் திருவெழுகூற்றிருக்கையும் அவர் பாடியதே. காப்ரேக்கரின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரை இலக்கங்களைத் திருப்பியமைத்தல் பற்றியது என்பதை இங்கு நினைவுகூரலாம். எழுத்தைத் திருப்பியமைத்தால் பக்தி இலக்கியம், எண்ணைத் திருப்பியமைத்தால் பொழுதுபோக்கு என்று வகுப்பதற்கு அடிப்படை எதுவும் இல்லை.

இப்புதினத்தில் பாத்திரங்களின் அகவுலகு போதிய அளவு விரிக்கப்படவில்லை என்று ஒருவர் குறை கூறலாம். அக்குறை நியாயமானதே. ஆனால் அது ஒரு படைப்பின்மீது வைக்கப்படும் திறனாய்வு. படித்த பின்னர் வைக்கப்படுவது. படிக்காமல் ஒதுக்குவதற்கு அது காரணமாகாது. மேலும் பாத்திரத்தின் அகவளர்ச்சி ஒன்றையே புதினத்தின் அளவுகோலாகக் கொள்வது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நடப்பியல் புதினத்திலிருந்து பெற்ற அளவுகோல். அறிவியல் புனைவுக்கு வேறோர் அளவுகோல் வேண்டும் என்பதை டார்க்கோ சுவின் 1979இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக நிறுவியுள்ளார். பழகிய உலகினின்று வாசகனை அயன்மைப்படுத்துவதும், அவ்வயன்மையை அறிவின்வழியே விளங்கிக்கொள்ளச் செய்வதும் இவ்வகையின் இயல்பு என்பது அவர்தம் கோட்பாட்டின் சாரம். அக்கோட்பாட்டின்படி, ஓர் அறிவியல் புதினத்தின் மையத்திலிருப்பது ஒரு புதிய கருத்து. பாத்திரங்கள் அக்கருத்தை எதிர்கொள்ளும் மனிதர்கள். அவ்வகையில் நோக்கினால் '6174' புதினத்திடம் கேட்கவேண்டிய கேள்வி மாறிவிடுகிறது. அதன் மையக்கருத்து ஒருங்கிணைவோடு நிற்கிறதா என்பதே அக்கேள்வி. இதற்குப் பின்வரும் நான்காம் பகுதியில் விடை தேடப்படும்.

3. அறிவியல் பயின்றோர்க்கே என்னும் மறுப்பு

இரண்டாம் தரப்பார் பணிவோடு பேசுவர். 'நாங்கள் அறிவியல் பயிலாதவர்கள். எங்களால் இயலாது' என்பர். பணிவின் தோற்றம் கொண்ட இவ்வாதம் உண்மையில் முன்னோர் நமக்குக் காட்டிய வழியைக் கைவிடுவதாகும்.

பரிபாடலின் பதினோராம் பாடல் வையைக்குரியது. அதன் தொடக்கத்தில் கோள்நிலைகள் விரிவாகக் கூறப்படுகின்றன. வானியல் அறியாதவர்க்கு அப்பகுதி விளங்காது. எனினும் வானியல் அறியாத காரணத்தால் பரிபாடலை எவரும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியதில்லை. எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளை அக்கோள்நிலைகளைக் கணித்து அப்பாடற் செய்தி கி.பி. 634ஆம் ஆண்டுக்குரியது என்று வாதிட்டார். சிலப்பதிகாரத்திலுள்ள நாள்குறிப்பைக் கொண்டு கி.பி. 756 என்னும் ஆண்டையும் முன்வைத்தார். அம்முடிவுகளை ஏற்றோரும் மறுத்தோரும் இருந்தனர். மறுத்தோரும் கணக்கை அறிந்துகொண்டே மறுக்க வேண்டியிருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. தமிழ்ப் புலமை வானியலைக் கண்டு விலகிநிற்கவில்லை. அதனோடு மல்லுக்கு நின்றது.

அண்மைக்காலத்திலும் இதற்குச் சான்றுண்டு. நம் வீட்டு வாசலில் நாள்தோறும் இடப்படும் கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கணக் கோட்பாட்டோடு இணைத்து கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். புள்ளியும் கோடும் கொண்ட ஒரு நாட்டார் கலைவடிவில் முறையான இலக்கண விதிகள் செயற்படுவதை அவர்கள் காட்டினர். இவ்வாய்வைச் செய்தவர்கள் கணிதத் துறையினர். கோலத்தின் வாழ்வியலை நன்கறிந்த தமிழ்த்துறையினர் அதனைத் தொடர்ந்து வளர்த்திருக்கலாம். காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' தமிழ்ச் செய்யுளில் அமைந்த கணக்கு நூலாக இருந்தும், அதனை மொழியும் கணக்கும் கூடிய பனுவலாக எடுத்துப் பயிற்றும் தமிழ் வகுப்புகள் எத்தனை என்பதும் சிந்தனைக்குரியது.

கடினம் என்பது அறிவியல் புனைவில் சிலபோது கருப்பொருளாகவே அமைகிறது. போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்வாவ் லெம் 1961இல் வெளியிட்ட 'சோலாரிஸ்' இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தொலைவிலுள்ள ஒரு கோளை மூடியிருக்கும் கடல் ஓர் உயிராக இருக்கக்கூடும் என்னும் நிலையில், அதனை விளங்கிக்கொள்ள மனிதர் தலைமுறை தலைமுறையாக முயல்கின்றனர். அதற்கெனத் தனித்துறையே தோன்றுகிறது. கோட்பாடுகள் எழுகின்றன, விழுகின்றன, நூல்நிலையங்கள் நிறைகின்றன. கடல் மட்டும் விளங்குவதில்லை. லெம் அந்நூல்நிலையத்திற்கும் அக்கோட்பாடுகளுக்கும் பல பக்கங்களை ஒதுக்கியுள்ளார். கதை நகரவில்லையே என்று அப்பக்கங்களைத் தாண்டிச் செல்பவர் புதினத்தின் உயிர்நிலையைத் தாண்டிச் செல்கிறார். ஒரு நூற்பாவுக்கு நான்கு உரைகளை ஒப்பிட்டுப் படித்துப் பழகிய தமிழ் மாணவர்க்கு இப்பக்கங்கள் பிறரைவிட நெருக்கமாகவே இருக்க வேண்டும். ஒரு மூலபாடமும் அதனைச் சுற்றி முரண்படும் உரைகளும் என்னும் சூழல் நமக்குப் புதிதன்று.

4. தொன்மைச் சான்றாகப் படிப்போர்

மூன்றாம் தரப்பாரோடு மாறுபடுவது சற்றுக் கடினம். அவர்கள் இப்புதினத்தை விரும்புகின்றனர்; பிறர்க்கும் பரிந்துரைக்கின்றனர். ஆயினும் இலெமூரியா, படிகம், தமிழ்ப்பாடல், கணித எண் ஆகியன ஒரு கதைக்குள் கூடியிருப்பதைக் கண்டு, 'நம் முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர்' என்னும் முடிவுக்கு வந்துவிடுகின்றனர். புனைவு சான்றாகிவிடுகிறது. ஆசிரியர் கதை சொல்லும் உரிமையோடு எடுத்தாண்டதை வாசகர் வரலாறாக எடுத்துக்கொள்கின்றனர்.

இதனைத் தவிர்ப்பதற்கு, அறிவியல் புதினத்தில் வரும் செய்திகளை நான்காகப் பகுத்துக்கொள்ளலாம் என்பது இக்கட்டுரையாளரின் முன்மொழிவு. நிறுவப்பட்ட அறிவியல், ஒருகாலத்தில் முன்வைக்கப்பட்டுப் பின் கைவிடப்பட்ட கருதுகோள், மரபுவழிச் செய்தி, ஆசிரியரின் புனைவு என்பன அந்நான்கு. உரையாசிரியர்கள் மூலம், பாடவேறுபாடு, பிறர் கொள்கை, தம் கருத்து என்று பகுத்துக்காட்டும் முறையின் நீட்சியே இது.

இப்பகுப்பின்படி 6174 என்னும் எண் நிறுவப்பட்ட அறிவியல். யார் வேண்டுமானாலும் கழித்துப் பார்க்கலாம்.

இலெமூரியா இரண்டாம் வகையைச் சார்ந்தது. மடகாசுகரிலும் இந்தியாவிலும் காணப்படும் இலெமூர் இன விலங்குகளுக்கும் புதைபடிவங்களுக்கும் விளக்கம் தேடிய விலங்கியலாளர் பிலிப் ஸ்கிலேட்டர் 1864இல் அப்பெயரை இட்டார். நிலப்பரப்புகள் நகர்கின்றன என்பதை வெகெனர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்வைத்து, 1960களில் புவித்தட்டுக் கோட்பாடு நிலைபெற்ற பின், மூழ்கிய கண்டம் என்னும் கருதுகோளுக்குத் தேவையில்லாது போயிற்று. இதற்கிடையில் பிளவாட்ஸ்கி அம்மையார் 1888இல் வெளியிட்ட நூலின்வழி அது இறைஞான சபையின் கொள்கையுலகிலும் புகுந்தது. தமிழ்ச் சூழலில் அது குமரிக்கண்டத்தோடு இணைந்த வரலாற்றைச் சுமதி இராமசுவாமி 2004இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார். 'இலெமூரிய விதைப்படிகம்' என்னும் பெயரோ பிரேசில் நாட்டுக் குவார்ட்சுக் கற்களுக்கு அண்மைக்கால வணிகம் இட்ட பெயர். விதைப்படிகம் என்பது படிகவியலில் உண்மையான கலைச்சொல். கரைசலில் இட்டால் அதனைச் சுற்றிப் பெரும்படிகம் வளரும். ஒரு சொற்றொடருக்குள் விலங்கியலும் வேதியியலும் வணிகமும் நம்பிக்கையும் எவ்வாறு அடுக்கடுக்காகப் படிந்துள்ளன என்பதைப் பிரித்துக்காட்டுவது சொல்லாய்வு பயின்ற தமிழாய்வாளர்க்கே உரிய பணியாகும்.

குமரிநிலம் கடல்கோட்பட்டது என்பது மூன்றாம் வகை. இறையனார் அகப்பொருளுரையும் சிலப்பதிகாரத்திற்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையும் அச்செய்தியைத் தருகின்றன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியூழியின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பனி உருகக் கடல் உயர்ந்து, தமிழகத்திற்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியும் மூழ்கியது. கடலோர நிலம் இழக்கப்பட்டது உண்மை. கண்டம் ஒன்று மூழ்கியது என்பதற்கு அது சான்றன்று. மொரீசியசுத் தீவின் பாறைகளில் ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடைய சிர்கான் படிகங்கள் கிடைத்ததாக 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தபோது, 'குமரிக்கண்டம் கண்டுபிடிக்கப்பட்டது' என்று பலர் மகிழ்ந்தனர். அப்படிகங்கள் காட்டும் கண்டத் துண்டு மனித இனம் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து மறைந்துவிட்டது. அங்கே சங்கம் வைக்க எவரும் இல்லை.

இனி, இப்புதினத்தின் தலைப்பெண்ணே மூன்றாம் தரப்பாரின் வாதத்தை எவ்வாறு மறுக்கிறது என்பதைக் காணலாம். அகப்பொருளுரை முதற்சங்கம் 4440 ஆண்டுகளும், இடைச்சங்கம் 3700 ஆண்டுகளும், கடைச்சங்கம் 1850 ஆண்டுகளும் நிலவியதாகக் கூறும். இவற்றைக் காப்ரேக்கர் முறைக்கு உட்படுத்துவோம். 4440 நான்கு படிகளில் 3996, 6264, 4176 எனச் சென்று 6174ஐ அடைகிறது. 3700 ஆறு படிகளில் அடைகிறது. 1850 இரண்டே படிகளில் அடைகிறது. முச்சங்க ஆண்டுகளும் 6174இல் கூடுகின்றன என்று ஒருவர் கட்டுரை எழுதினால் அரங்கில் கைதட்டல் எழக்கூடும். ஆனால் தாணே நிலையத்தில் நிற்கும் எந்த வண்டியின் நான்கிலக்க எண்ணும், இலக்கங்கள் நான்கும் ஒன்றாயில்லாதவரை, அங்கேதான் கூடும். எங்கிருந்து தொடங்கினாலும் ஒரே இடத்திற்குக் கொண்டுசேர்க்கும் வழிமுறை, தொடங்கிய இடத்தைப் பற்றி நமக்கு எதையும் தெரிவிப்பதில்லை.

இவ்வெண்களில் உண்மையில் ஆராயத்தக்கது வேறொன்றுண்டு. 4440, 3700, 1850 ஆகிய மூன்றும் 37இன் மடங்குகள்; முறையே 120, 100, 50 மடங்குகள். கூட்டுத்தொகை 9990. நிகழ்ந்த ஆண்டுகளின் எண்ணிக்கை இவ்வளவு சீராக அமைவது அரிது. ஆகவே இவை கணக்கிட்டு அமைக்கப்பட்ட எண்களாதல் வேண்டும். அமைத்தவர் எண்களின்வழி எதனைச் சுட்ட முயன்றார் என்பதே தமிழாய்வாளர் கேட்கவேண்டிய கேள்வி. புதினம் நமக்கு எண்களைப் பார்க்கும் கண்ணைத் தந்தது. அக்கண்ணால் மரபை மீண்டும் பார்க்கும்போது நம்பிக்கையின் இடத்தில் வினா பிறக்கிறது. கடினமான வாசிப்பால் விளையும் பயன் இதுவேயாகும்.

புதினத்தின் மையக்கருத்து ஒருங்கிணைவோடு நிற்கிறதா என முன்னர் எழுப்பிய வினாவுக்கும் இங்கே விடை கூறலாம். எவரும் செய்துபார்க்கத்தக்க எண்ணும், எவராலும் காட்டவியலாத கண்டமும் ஒரே கதையில் ஒரே உறுதியோடு நிற்பது இப்புதினத்தின் ஈர்ப்பு; அதுவே அதன் வலுவின்மையும் ஆகும். எண்ணின் உறுதி கண்டத்திற்கும் பரவிவிடுகிறது. கதைக்கு இது நன்மை. வாசகர் விழிப்போடிருக்க வேண்டிய இடமும் இதுவே. இம்மதிப்பீட்டை ஒருவர் மறுக்கலாம். மறுப்பதற்கும் படிகவியலும் அகப்பொருளுரையும் படித்திருக்க வேண்டும்.

5. மும்பைத் தமிழுக்கு ஒரே கதையா?

தமிழாய்வில் மும்பை என்றவுடன் தாராவியும் மாட்டுங்காவும், அங்கு வாழும் புலம்பெயர்ந்தோரின் துயரும் ஏக்கமும் நினைவுக்கு வருகின்றன. நாஞ்சில் நாடன், அம்பை, புதியமாதவி ஆகியோர் தமிழுக்கு அளித்த மும்பை மதிப்புமிக்கது. அதனைக் குறைத்துக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அதே நகரின் செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்ளது. கொலாபாவில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. பவாயில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. இவ்விடங்களில் பணியாற்றிய, பணியாற்றும் தமிழர் பலர் செம்பூரிலும் முலுண்டிலும் தாணேயிலும் வாழ்கின்றனர். சோதனைச்சாலையும் கருவியும் எண்ணும் அவர்களுடைய அன்றாட வாழ்க்கை. அவ்வாழ்க்கையிலிருந்து எழும் தமிழ் எழுத்தை நாம் மும்பைத் தமிழாக எண்ணுவதில்லை.

இதன் விளைவை இக்கட்டுரையாளர் அருகிருந்து கண்டதுண்டு. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப்பள்ளியில் படித்து, இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்று, தமிழார்வத்தால் முதுகலைத் தமிழுக்கு வந்த மாணவர் ஒருவர், தமிழ் அறிவியல் புதினங்களில் எண்ணும் புதிரும் என்னும் பொருளில் ஆய்வுசெய்ய விண்ணப்பித்தார். தலைப்பு தமிழியலின் எல்லைக்குள் அமையவில்லை என்று குழுவினர் கூறினர். 'மும்பைக்காரர்தாமே, புலம்பெயர்வு பற்றி எடுத்துக்கொள்ளுங்கள்' என்னும் அறிவுரையும் கிடைத்தது. அவ்வாறே எடுத்துக்கொண்டார், பட்டமும் பெற்றார். அவர் பிறந்து வளர்ந்தது மும்பையில். எந்த ஊரிலிருந்தும் அவர் புலம்பெயரவில்லை. தமிழும் இயற்பியலும் ஒருங்கே அறிந்த அரிய வாசகர் ஒருவரை, தம் அறிவில் பாதியை வாயிலில் விட்டுவருமாறு நாம் பணித்தோம்.

இங்கும் செயற்படுவது காப்ரேக்கர் முறையே. எந்தப் பனுவலை உள்ளே இட்டாலும் 'புலம்பெயர் துயர்', 'அடையாளச் சிக்கல்', 'தமிழர் தொன்மை' என்னும் முன்னரே முடிவான ஓர் எண்ணே வெளிவருமாயின், அவ்வாய்வு பனுவலைப் பற்றி எதையும் கூறவில்லை என்றே பொருள். கணிதத்தில் அம்முறை ஓர் அழகிய கண்டுபிடிப்பு. இலக்கிய ஆய்வில் அது ஒரு நோய்.

6. அண்டைமொழி காட்டும் வழி

மும்பைத் தமிழர் நாள்தோறும் கேட்டுப் பழகும் மராத்தி மொழியில் நிலைமை வேறு. 1966இல் தொடங்கப்பெற்ற மராத்தி விஞ்ஞான் பரிஷத் அறிவியல் கதைப்போட்டி நடத்தியது. வானியற்பியலாளர் ஜயந்த் நார்ளிகர் 1974இல் தம் பெயரின் முதலெழுத்துகளைத் திருப்பியமைத்து நாராயண் விநாயக் ஜக்தாப் என்னும் புனைபெயரில் கருந்துளை பற்றிய கதையை அனுப்பிப் பரிசு பெற்றார். அப்போது அவர் மும்பை டாட்டா நிறுவனத்தில் பேராசிரியர். மும்பையில் பனி பொழிவதாகத் தொடங்கும் கதையும் அவர் எழுதியுள்ளார். அதே நார்ளிகர் 2021இல் நாசிக்கில் நடைபெற்ற 94ஆம் அகில இந்திய மராத்தி இலக்கிய மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காப்ரேக்கர் பள்ளி ஆசிரியராக வாழ்ந்த தேவளாலியும் அந்த நாசிக்கை அடுத்ததே. 2025இல் நார்ளிகர் மறைந்தபோது மராத்தி உலகம் தன் அறிவியலாளரை மட்டுமன்றித் தன் எழுத்தாளரையும் இழந்ததாக வருந்தியது.

நார்ளிகரின் கதைகள் அனைத்தும் கலைநயத்தில் உயர்ந்தவை என்று கூறவரவில்லை. ஒரு மொழியின் இலக்கிய நிறுவனம் அறிவியல் புனைவைத் தன் அவையின் தலைமை இருக்கையில் அமர்த்த முடியும் என்பதும், அதனால் அவ்வவை சிறுமையுறவில்லை என்பதுமே இங்குச் சுட்டப்படுவன. சுஜாதா 2008இல் மறைந்தார். அவருடைய அறிவியல் புனைவுகளுக்கு அறிவியற் செய்திகளை விளக்கும் அடிக்குறிப்புகளோடு கூடிய செம்பதிப்பு ஒன்றைத் தமிழ்த்துறைகள் உருவாக்கியிருக்க வேண்டாமா?

முடிவுரை

அறிவியல் புதினம் இலக்கியமன்று என்பதைத் தொல்காப்பியமும் சித்திரகவி மரபும் மறுக்கின்றன. அது தமிழாசிரியர்க்குப் புறத்தது என்பதைப் பரிபாடற் கோள்நிலையைக் கணித்தும் மறுத்தும் வாதிட்ட புலமை மரபு மறுக்கிறது. அது தொன்மைக்குச் சான்று என்பதை '6174' என்னும் எண்ணே மறுக்கிறது.

செய்யத்தக்கன மிகுதியல்ல. முதுகலைப் பாடத்திட்டத்தில் கடினமான அறிவியல் புதினம் ஒன்றேனும் இடம்பெற வேண்டும். அதனைக் கற்பிக்கும் சில வகுப்புகளுக்கு அதே கல்லூரியின் இயற்பியல் அல்லது கணிதத் துறை ஆசிரியரை அழைக்க வேண்டும். அவர்தம் வகுப்புக்குக் கணக்கதிகாரத்தோடு நாம் செல்லலாம். நால்வகைப் பகுப்பின்படி ஒரு புதினத்திற்கு உரைக்குறிப்பு எழுதுதலை ஆய்வேட்டுப் பொருளாக ஏற்க வேண்டும். இயற்பியல் படித்துவிட்டுத் தமிழுக்கு வரும் மாணவரிடம் அவர் படித்ததை மறந்துவிடச் சொல்லாதிருக்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. '6174' புதினத்தைக் கையிலெடுத்து, ஒரு தாளில் நான்கு இலக்கங்களை எழுதிக் கழிக்கத் தொடங்கினாலே போதும்.